வலக்கைப் பயம்

உலக ஜோடிக் கோப்பை பைக் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் தங்கள் பயத்தை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். பிரேக்கே இல்லாத இந்தப் பந்தய பைக்கில் பயமும் ஏறிக்கொண்டால் ஆபத்து என்பது விதி எழுதியவர்களின் வாதம்.

கோவையில் மேகலை இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். வலது பட்டையில் கணவன் நாச்சிமுத்துவின் பயம். அவனோடு ஜோடியாக ஓட்டும் ஜோயலுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததால், அவன் பயம் இடது பட்டையில்.

போலந்தில் பந்தயம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இடக்கை வெடவெடத்தது. வலக்கை லேசாகச் சிலிர்த்ததோடு சரி. அந்தக் கையாலேயே முறுக்குத் தின்றாள். மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நான்கு சுற்றும் முடிந்து இந்தியா ஜெயித்தது. இடக்கை அடங்கியது. பட்டைகளை அவிழ்ப்பதற்குள் செல்போன் அடித்தது.

"கோப்பை நம்முளுதுதான் அம்மிணி! நாளைக்கே ஊட்டுக்கு வந்துர்றேன்," என்றான் நாச்சிமுத்து. குரலில் அத்தனை உற்சாகம்.

வலக்கை உதறிய உதறலில் போன் நழுவப் பார்த்தது. மேகலை அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலது பட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. பத்து நாள் ஊரெல்லாம் சுத்திப் பாத்துட்டே வாங்க."

உதறல் நின்றுவிட்டது.