தாழ்ப்பாளின் அந்தப் பக்கம்

முதலில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

குளியலறைக் கதவை அவள் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. வெளியே மகன் சிரித்தான். இரண்டரை வயது.

“யுகன், கதவத் தொற.”

இன்னும் சத்தமாகச் சிரித்தான்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். காலையிலிருந்து அவள் இரண்டையும் அடக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் அவனையும் கூடவே உள்ளே இழுத்துக்கொண்டுதான் போவாள். இன்றைக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தனியாக இருக்கலாம் என்று ஆசைப்பட்டுவிட்டாள். கால் கழுவி நிமிர்வதற்குள் ஆசை தீர்ந்தது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷம். தெருமுனைக் கடையைத் தாண்டிப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில நாள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருக்கும். ஓடுவதற்கும் முதலில் அவனைத்தான் இடுப்பில் தூக்க வேண்டும்.

தெருவில் மோட்டார்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

தண்ணீர் வரும் நாள்.



வாசலில் தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்து, ரப்பர் குழாயை உள்ளே விட்டிருந்தாள். ஆள் இறங்கி நிற்கிற ஆழம். இந்நேரம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். வீட்டின் முன்கதவையும் சாத்தவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று வந்திருந்தாள்.

தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர்.

இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஐந்து நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர். எதிர்வீட்டு பாக்கியத்தக்கா காதில் இன்றைக்கு இடி விழுந்தாலும் ஏறாது. செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது. கணவன் பக்கத்து ஊரில், கடையில். ராத்திரி வந்து, “வீட்லதான இருக்க, ஒனக்கென்ன கொற?” என்பான். நாள் தவறாமல் கேட்கிற கேள்வி அது.

அவள் அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையைப் போல வாய்விட்டு அழுதாள்.

வெளியே சிரிப்பு நின்றது.

“அழக் கூடாது” என்றான். குரல்தான் சின்னது. அதட்டல் பெரியது. “சத்தம் நின்னாதான் தொறப்பேன்.”



அது அவள் சொல்லும் வார்த்தை. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு அவன் தரையில் உருண்டு புரளும்போது அவளுக்குக் கை பரபரக்கும். அந்தக் கை நீளுவதற்கு முன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போடுவாள். அடிப்பதற்கு இது மேல் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். அவன் உள்ளே கதறுவான். அவள் வெளியே நின்று இதைத்தான் சொல்வாள். கணவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் இங்கேயே நிற்பான். வாசலுக்குப் போக மாட்டான். ஆனால் திறக்கவும் மாட்டான்.

எவ்வளவு நேரம் நிற்பான்?

“சரிடா தங்கம். அம்மா அழல. நீ அங்கயே நில்லு, என்ன? எங்கயும் போவக் கூடாது.”

“சத்தம்” என்றான்.

நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கதவில் காதை வைத்தாள். பிளாஸ்டிக் கதவு ஈரமாக இருந்தது.

விசும்பல் ஒன்று மீறி வந்தது. அதையும் விழுங்கினாள்.



ஸ்டூலிலிருந்து அவன் இறங்கினான். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

சின்னக் காலடிகள் விலகிப் போயின. கூடத்துப் பக்கமா, வாசல் பக்கமா, மோட்டார் இரைச்சலில் பிடிபடவில்லை.

கூப்பிடுவதற்காகத் துண்டைப் பாதி உருவினாள். கூப்பிட்டால் அதுவும் சத்தம்தான்.

அவன் அழுகை நின்றவுடன் அவள் ஒரு நாளும் கதவைத் திறந்ததில்லை.

கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் கடைசி வாய் வரைக்கும் குடித்துவிட்டுத்தான் வருவாள்.