ஆறு நாற்பது

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, வீட்டு வைஃபையில் சேரும் கருவிகளுக்கெல்லாம் இனி அதுவே இணைய முகவரி கொடுக்கும்படி செய்துவிட்டாள் அக்கா. ஒவ்வொரு முகவரிக்கும் ஆயுள் இருபத்துநான்கு மணி நேரம். பட்டியலில் எல்லாம் நாளை மாலைவரை என்றிருக்க, தம்பியின் போன் மட்டும் இன்று மாலை 6.40 வரை. இரண்டு தடவை அழித்து மறுபடி கொடுத்துப் பார்த்தாள். அதே 6.40தான்.

தம்பி வண்டிச் சாவியை எடுத்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"சும்மா ஒரு ரவுண்டு. ஏழுக்குள்ள வந்துருவேன்."

சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னைக்கு ஒருநாள் என் பேச்சைக் கேளு."

"கிறுக்குப் பிடிச்சிருச்சு உனக்கு" என்று முனகிக்கொண்டே அம்மாவின் பக்கத்தில் போய்ச் சோபாவில் சாய்ந்தான். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பட்டியலை மறுபடி திறந்தாள். அம்மாவின் போன், டிவி, தன் லேப்டாப், எல்லாமே இப்போது 6.40 வரை.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு முப்பத்தெட்டு.