சாயங்காலக் கறவை

"என் மாட்டைத் திருட்டுத்தனமா கறக்கிறவனே, உனக்குத்தான் சொல்றேன். நானு இங்க ஊருக்காகக் குந்திகினு கீறேன். நீ என் வூட்டுக் கொல்லப்பக்கம் பூந்து பால் கறந்துகினு போறியா? நீயெல்லாம் நல்லாயிருப்பியா?"

ஒலிபெருக்கியில் சாமுண்டீஸ்வரியின் குரல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. பந்தலில் ஒரே சிரிப்பு.

பெருங்களத்தூரைத் தாண்டியிருக்கும் அந்த ஊரில், குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலை வரப்போகிறதாம். தெரிந்த நாளே பந்தல் போட்டுவிட்டார்கள். காலையில் வந்து உட்காரும் சனம், இருட்டின பிறகுதான் வீட்டுக்குப் போகும்.

போராட்டத்தை நடத்தும் ஏசுதாசன் வாத்தியார் மைக்குக்குக் கை நீட்டினார். "ஆலையைப் பத்திப் பேசும்மா. வீடியோ எடுத்திட்டிருக்காங்க."

"எடுக்கட்டும் சார். ஆலைக்காரன் ஏரியைத் திருடுறான், இவன் பாலைத் திருடுறான். ரெண்டும் ஒண்ணுதான்."

"கன்னுக்குட்டி குடிச்சிருக்குமோ?"

"கன்னைத் தனியா கட்டிட்டுத்தான் வர்றேன். தெனம் இருட்டுல போய்ப் பார்த்தா மடி காலி. மாட்டு முன்னாடி புல்லு வேற போட்டு வெச்சிருக்கான், ஏதோ அவன் மாடு மாதிரி."

"உங்க அண்ணன் வேலையாத்தான் இருக்கும்" என்றாள் பக்கத்திலிருந்த டெபோரா. "ஏரியோரத்து நிலத்தையே ஆலைக்குத் தரேன்னவரு, பாலை விடுவாரா?"

சாமுண்டீஸ்வரிக்கு முகம் இறுகியது. ஆலைக்காரர்கள் இனிக்க இனிக்கப் பேசியதில், பாதை போட நிலம் தருவதாகத் தலையாட்டிவிட்டு வந்தவர் அண்ணன் பொன்னுரங்கம். அன்றிலிருந்து ஊரில் ஒருத்தரும் அவரோடு பேசுவதில்லை. முதலில் பேச்சை நிறுத்தியவள் இவள்தான்.

"அந்தாளு பேச்சை எடுக்காத" என்றாள்.

பந்தலில் டீ போடும் செல்லியம்மாள் ஒரு கிளாஸை நீட்டினாள். "குடிச்சிட்டுத் திட்டுக்கா. தொண்டை காஞ்சிடும்."

சாமுண்டீஸ்வரி ஒரு வாய் குடித்தாள். "இன்னா இவ்ளோ திக்கா கீது? ஆரம்பத்துல வெறும் டீத்தண்ணிதானே குடுத்த? பால் ஏது?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கிற? நீதானே அனுப்புற? பொழுது சாஞ்சா பந்தல் வேலியோரமா ஒரு தூக்கு நிறைய கறந்த பால் வந்து நிக்குது. நொரை கூட அடங்கியிருக்காது. நீ குடுக்கிறேன்னுதான் நெனச்சேன்."

டீ கிளாஸ் கையிலேயே நின்றது.

புது ஆள் கை பட்டால் வாளியோடு சேர்த்து உதைத்துத் தள்ளுகிற மாடு அது. அவளுக்கு அடங்கும். அவளை விட்டால், அதைக் கன்றிலிருந்து வளர்த்து, ஓட்டிவந்து அவள் வாசலில் கட்டிவிட்டுப் போனவருக்கு அடங்கும். வேறு யாருக்கும் நிற்காது.

சாமுண்டீஸ்வரி மறுபடி மைக்கை எடுத்தாள். வாத்தியார் தடுக்கவில்லை.

"மாட்டைக் கறக்கிற ஆளுக்கு இன்னொரு வார்த்தை." குரல் இறங்கியிருந்தது. "இனிமே கொல்லப்பக்கமா வராத. வாசக்கதவு தொறந்துதான் கீது. பாலை வேலியோரம் வெச்சிட்டு ஓடாத. பந்தலுக்குள்ள எடுத்துகினு வா. என் பக்கத்துல குந்தி ஒரு கிளாஸ் டீ குடி. குடிச்சிட்டு, நிலம் தர முடியாதுன்னு இதே மைக்ல உன் வாயால சொல்லுண்ணா."