கால்வாசித் தொட்டி

சோதனைக்கூடத் தரையெங்கும் தண்ணீர். ஏரிப்பக்க ஜன்னலின் வெயில் அதில் நெளிகிறது. சோதனைக்காக உள்ளே வெடிக்கவைத்த வெடியில், தண்ணீர் நிரப்பியிருந்த இரும்புத் தொட்டி, பக்கவாட்டுக் குழாய் பொருத்திய இடத்தில் வாய்பிளந்து நிற்கிறது. அதை வெல்டிங் செய்த எர்மினியோ முட்டிபோட்டு விளிம்பைத் தடவுகிறார். "என் கைதான் எங்கேயோ பிசகிடுச்சு, இன்ஜினியரம்மா. உங்க கணக்கு தாங்கும்னுதானே சொல்லுச்சு!" இன்ஜினியர் ஓர்னெல்லாவின் மடிக்கணினித் திரையில் அதே தொட்டி அதே வெடியைத் தாங்கிக்கொண்டு, நீலமும் பச்சையுமாக அழகாகச் சுழல்கிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று அவள் கால்வாசித் தொட்டியை மட்டுமே கணினியில் கணக்கிட்டிருந்தாள். மீதி முக்கால்வாசியும் அதன் கண்ணாடிப் பிம்பம். அந்தக் கால்வாசியில் குழாயே இல்லை; அதனால் திரையில் சுழலும் முழுத் தொட்டியிலும் இல்லை. "அந்தக் குழாய்..." என்று தொடங்குகிறாள். "கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கம்மா, எங்கே தப்பு பண்ணேன்னு பார்த்துடறேன்." திரையை மூடுகிறாள். இல்லாத பிழையை அவர் தேட, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.