மஞ்சள் தொப்பி அக்கா

நீச்சலுக்கான மாதச் சீட்டு இன்றோடு முடிகிறது. இனிமேல் புதுப்பிப்பதில்லை என்று தையல்காரி முடிவு செய்துவிட்டாள்.

நீச்சல் குளத்தின் மூன்றாவது லேனில் கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தாளே தவிர, மனசு தண்ணீரில் இல்லை.

எப்படி இருக்கும்? அக்கா குளத்துப் பக்கம் வராமல் இரண்டு மாதம் ஆகிறது.

மூன்று வருஷப் பழக்கம். காலை ஆறு மணிக்கு இவள் சிவப்புத் தொப்பி, அக்கா மஞ்சள் தொப்பி. ஒரே லேன். மருமகள், மூட்டுவலி, வீட்டுக்காரரின் குறட்டை என்று ஊர்ப்பட்ட கதை பேசியாயிற்று. பேர் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா என்று கூப்பிட்ட பிறகு பேர் எதற்கு?

முகமும் தெரியாது. அதுதான் வேடிக்கை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் இரண்டு பேருக்குமே யானை எதிரில் வந்தாலும் தெரியாது. கழற்றிவிட்டுத்தானே குளத்தில் இறங்க வேண்டும்! அப்புறம் கடை திறக்கும் அவசரத்தில் இவள் முதல் ஆளாக ஓடிவிடுவாள். அக்கா ஊறிக்கொண்டே கிடப்பாள்.

நாளெல்லாம் இஞ்சு டேப்பும் கையுமாக இருக்கிறவளுக்குத் தண்ணீரில் எத்தனை ரவுண்டு போனோம் என்பது மட்டும் நிற்காது. அக்காதான் எண்ணிச் சொல்வாள். எண்ணத் தெரியாதவளை நம்பி எவள் துணி கொடுக்கிறாள் என்று கேட்டுச் சிரிப்பாள்.

அப்போதுதான் வந்தது அந்தப் பாழாய்ப்போன பள்ளிச் சீருடை ஆர்டர். ஐந்து நாள் இவளால் வர முடியவில்லை. ஆறாம் நாள் ஓடி வந்தால் அக்கா இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

வாசலில் சீட்டுக் கொடுப்பவரிடம் விசாரித்தாள். பேர் என்ன என்றார். தெரியாது. ஆள் எப்படி இருப்பார் என்றார். மஞ்சளாக இருப்பார் என்றா சொல்வது? காமாலையா என்று கேட்பார். அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

தெருவில் மஞ்சளாக எது போனாலும் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு நாள் தபால்காரரின் மழைக்கோட்டின் பின்னால்கூட நாலு எட்டு ஓடினாள். யாரோ ஒருத்தி வராததற்கா இந்தப் பாடு என்றார் வீட்டுக்காரர்.

யாரோ ஒருத்தியா!

போன மாதம் தனக்கே ஒரு மஞ்சள் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டாள். சிவப்பு கிழிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னது சுத்தப் பொய். அந்த லேனில் மஞ்சளாக ஏதாவது இருந்தால் தேவலை போலிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு வாரமாக இன்னொரு தொல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் தினமும் வந்து கரையில் உட்கார்ந்து, காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, போகிற வருகிற ஒவ்வொரு தலையையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். இவளுடைய மங்கல் கண்ணுக்கே அது தெரிகிறது. பேரப்பிள்ளையைக் காவல் காக்கிறாளாக்கும் என்று இவள் முகம் கொடுக்கவில்லை.

போதும். ஏணியைப் பிடித்து மேலே ஏறினாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் குளத்து மருந்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

"ஏம்மா, ஒரு நிமிஷம்," என்றாள் கறுப்புக் கண்ணாடிக்காரி. "கண்ணு ஆபரேஷன் பண்ணி இப்பதான் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. நான் தேடுற ஆளைத்தான் காணோம். சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தி வருவாளே, நின்னுட்டாளா?"

அந்தக் குரல்.

அக்காவேதான். ஒரு வாரமாக எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறாள்! தையல்காரி ஏறிய ஏணியிலேயே மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள்.

"அக்கா, எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுங்க."