பம்ப் ஆறும் நேரம்

"போடுங்க," என்றாள் தாரா, வாக்கி டாக்கியில்.

கிள்ளான் நகரச் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் மறுகோடியில், பம்ப் அறையில் இருந்த ஜெயகாந்தன் சுவிட்சைப் போட்டான். தரை அதிர்ந்தது.

பாட்டில் வரிசைக்கு மேலிருந்த சென்சாரின் பச்சை விளக்கு சிமிட்டியது. வரிசை நின்றது.

மறுபடியும் தோல்வி.

அந்தச் சென்சாரை வடிவமைத்தவள் தாரா. பெட்டாலிங் ஜெயா ஆய்வகத்தில் இரண்டு வருட உழைப்பு.

பாட்டில்களை எண்ணிக்கொண்டே இருப்பது அதன் வேலை. கம்பி வழியே, வரிசையை இயக்கும் கன்ட்ரோலர் ஒரு சின்னத் துடிப்பை அனுப்பினால் மட்டும் விழித்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் துடிப்பின் நீளம் எண்பது மைக்ரோ வினாடி. பம்ப் கிளம்பும்போது அதே கம்பியில் ஏறும் இரைச்சலும் சென்சாருக்கு அழைப்பாகவே பட்டது. எண்ணுவதை விட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலே விழித்துக்கொண்டது.

குறுகிய துடிப்புகளை ஒதுக்கும் வடிகட்டியின் அளவைக் கூட்டினால் இரைச்சல் அடங்கியது. ஆனால் நிஜ அழைப்பும் காதில் விழாமல் போனது.

திங்கட்கிழமை, தொழிற்சாலையில் பொருத்தியிருந்த அறுபது சென்சாரையும் கழற்றப் போகிறார்கள். அதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் பராமரிப்புத் தலைவன் ஜெயகாந்தன்.

அவள் கணவன்.

பத்தொன்பது நாளாக வீட்டில் பேச்சில்லை. ஆனாலும் சனிக்கிழமை, லீவு நாளில், பம்ப் போட அவனேதான் வந்திருந்தான்.

மோட்டார் பெரியது. ஒரு தடவை கிளப்பினால் சூடு ஆற இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். காலையிலிருந்து அந்த இருபது நிமிடங்களில் இருவரும் வாய் திறக்கவில்லை.

தாரா லேப்டாப்பில் வடிகட்டியை அறுபத்தைந்து மைக்ரோ வினாடியில் வைத்தாள்.

"போடுங்க."

தரை அதிர்ந்தது. பச்சை விளக்கு சிமிட்டவில்லை. பாட்டில்கள் நகர்ந்தன. கன்ட்ரோலரிலிருந்து அழைப்பை அனுப்பினாள். சென்சார் உடனே பதில் சொன்னது.

"இன்னொரு தடவை பாக்கணும்," என்றாள்.

"இருபது நிமிஷம் ஆகும்லா."

"ஆகட்டும்."

வாக்கி டாக்கி கரகரத்தது. பிறகு அவன் குரல். "சாப்பிட்டியா?"

"ரொட்டி சானாய் இருக்கு. ரெண்டு பேருக்கும்தான் வாங்கினேன்."

அவன் பொத்தானை அழுத்தும் சத்தம்.

"சைன் போடுறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

தாரா பொத்தானை அழுத்தினாள். விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினாள். "ஆமா. கேட்டிருக்கணும்."

இருபது நிமிடம் கடந்தது. மோட்டார் இன்னும் சூடாக இருக்கிறது என்றான். பரவாயில்லை என்றாள். குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். அத்தையின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டதை அவன் சொன்னான். மோட்டார் அதற்குப் பிறகும் ஆறவில்லை.

மழை பிடித்துக்கொள்வதற்குள் ரொட்டிப் பொட்டலத்தோடு அவள் பம்ப் அறைக்கு நடந்தாள். மணி ஐந்து பத்து.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வாக்கி டாக்கியை வாயருகே வைத்திருந்தான். பின்னால் பம்ப் சுவிட்சில், இனி யாரும் போடாதபடி பூட்டு தொங்கியது. பூட்டில் கட்டிய அட்டையில் அவன் எழுத்து: சோதனை வெற்றி. மணி 4.10.

பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்ற நேரம் அது.

பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவளும் அந்த நாலு பத்துக்கே லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள்.