கோலப்பொடியில் ஓர் ஓடை

"ஓடை எங்க கொல்லையிலதாம்மா ஓடிச்சு. வேற யாரையும் கேக்காத."

சொல்லிவிட்டு, களத்தில் கோலப்பொடியால் போட்டிருந்த கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார் விருத்தாசலம்.

கெடார் கிராமத்து நெற்களத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். போன புயலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊர்ப் பயிரெல்லாம் அழுகிப்போயிருந்தது. இனி வரும் மழைக்கு என்ன செய்வது என்பதை விவசாயிகளே தீர்மானிக்கட்டும் என்று ஒரு திட்டம். அதன் சார்பில் வந்திருந்தவள் கலைப்பிரியா. ஆளுக்கொரு பிடி கோலப்பொடி கொடுத்து, அவரவர் நிலத்தைத் தரையில் வரையச் சொன்னாள். முன்காலத்தில் ஊர்த் தண்ணீரை வடித்த ஓடை தூர்ந்துபோனதுதான் வினை, அதையே திரும்ப வெட்டிவிடலாம் என்று எல்லோருமாகப் பேசி முடிவுக்கும் வந்துவிட்டார்கள்.

ஆனால் ஓடை எங்கே இருந்தது? பட்டா நிலத்துக்குள் ஓடிய சின்ன ஓடை. சர்வே படத்தில் கிடையாது.

அழிபட்ட கோடு, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வேணியின் அரைக்காணி நிலம் வழியாகப் போயிருந்தது. அதை ஒட்டி, விருத்தாசலம் கொல்லை என்று சொன்ன அவருடைய நிலம்.

"இன்னா மாமா, இப்பதான் போட்டேன், அதுக்குள்ள அழிக்கிற?" என்றான் தேவநாதன். "எனக்கு அந்தாண்ட இருந்தாப்புலதான் ஞாபகம்."

"நீ அப்ப டவுசரே போடலடா. உனக்கு இன்னா ஞாபகம்?"

களம் சிரித்தது.

விருத்தாசலம் குனிந்து, தன் நிலத்துக்குள் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"இங்கதான் தாழம்புதர். பூத்தா ரோடு வரைக்கும் வாசம் வரும். இங்க ஒரு மடு. ஐப்பசியில துண்டை விரிச்சுத் தூக்கினா துண்டு நெறைய கெண்டை. ஸ்கூல் விட்டதும் பையைக் கரையில வீசிட்டு இதுலதான் கெடப்போம். கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்துடும். ஊட்டுக்குப் போனா ஒதை. மறுநாளும் இங்கதான்."

தலை நரைத்தவர்கள் அந்த வெள்ளைக் கோட்டில் தண்ணீர் ஓடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடையைப் பார்த்திருந்தார்களே தவிர, அது யார் நிலத்தில் ஓடியது என்று அவர்களுக்கும் நிச்சயமில்லை.

வேணி மெதுவாக எழுந்தாள்.

"ஐயா, எங்க நிலத்துல எங்க கொத்தினாலும் நத்தை ஓடா வருதுங்க. ஓடை எங்க பக்கம்தான் இருந்திருக்கும்போல." தயங்கினாள். "வந்துச்சுன்னா மல்லாட்டைப் பயிருக்குக் கோடையில ஒரு தண்ணி கெடைக்கும்."

"நத்தை ஓடு எந்த நிலத்துலதான் இல்ல? ஒக்காரும்மா."

வேணி உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

"தண்ணின்னதும் பெரியவருக்கு ஞாபகம் பீறிக்கினு வருது பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஐயா, அவங்களும் பேசட்டும்" என்றாள் கலைப்பிரியா. "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணணும்னுதானே வந்திருக்கோம்?"

"பேசட்டும். அந்த ஓடையில நீந்தினவங்க யாரோ, அவங்க பேசட்டும்."

கலைப்பிரியா முன்வரிசையில் இருந்த காந்திமதியிடம் திரும்பினாள். விருத்தாசலத்தின் மனைவி. இதே ஊரில் பிறந்தவள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. ஓடை எந்தப் பக்கம்?"

காந்திமதி புருசனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"சரியான ஜோடி!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேறு சாட்சி இல்லை. கலைப்பிரியா விருத்தாசலம் போட்ட கோட்டையே போட்டோ எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து அவர் மொபெட்டைக் கிளப்பும்போது தேவநாதன் கத்தினான்: "மாமா, கெண்டை புடிச்சா எங்களுக்கும் ரெண்டு குடு. மொத்தமும் நீயே துன்னுடாத!"

விருத்தாசலம் காந்திமதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை விட்டார்.

பாதி வழியில் காந்திமதி அவர் தோளைத் தட்டினாள்.

"ஏங்க."

"ம்."

"தாழம்புதர் வேணி நிலத்துலதானே இருந்துச்சு? நீங்க எனக்குப் பூ பறிக்கப் போயி, கையெல்லாம் முள்ளு கிழிச்சு, அதுக்கு நான் எங்கம்மாகிட்ட அடி வாங்கினேனே?"

"ஆமா. மறப்பேனா?"

"அப்புறம் எதுக்குங்க அந்தப் பொய்யி? கரையோட சேத்து முப்பதடி நம்ம கொல்லையில போயிடும். அதுவும் பத்தாதுன்னு ஊரே காறித் துப்புது."

"நமக்கு முப்பதடி போனாலும் மீதி இருக்குது. அவளுது நீட்டுத் துண்டு, அகலமே நாப்பதடிதான். நடுவுல ஓடை வெட்டினா வரப்புதான் மிஞ்சும். தண்ணிக்கு இன்னா, அவ வரப்போரமாத்தானே போவப்போவுது? மொண்டு ஊத்திக்கட்டும்."

"இதை அங்கியே சொல்லியிருந்தா உங்களுக்குத்தானே பேரு? அந்தப் பொண்ணு மூஞ்சியும் அப்படி வாடியிருக்காது."

"சொன்னா, நீ எதுக்குய்யா உன் நிலத்தைக் குடுக்கறேன்னு கேப்பாங்க."

"கேட்டா இன்னா?"

வண்டியின் வேகம் குறைந்தது.

"எங்கப்பா அந்த ஓடையை மண்ணு கொட்டித் தூத்துட்டு, நிலம்னு சொல்லித்தான் அவ மாமனாருக்கு வித்தாரு காந்தி. அது நிலமாவே இருந்துட்டுப் போவட்டும்."